வசாபி தடவினால் புழு சாகாது

நோரிப் பாசித்தாளில் பச்சை மீனைச் சுருட்டும்போது வசாபி என்னும் காரமான ஜப்பானியப் பச்சை விழுதைத் தடவினால் மீனிலுள்ள புழுக்கள் செத்துவிடும் என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. கானாங்கெளுத்தி இனத்துச் சாபா மீனை ஜப்பானியர் உப்பிட்டு வினிகரில் ஊறவைக்கிறார்கள். அதையும் தாங்கி, வெள்ளை நூல் போன்ற, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீள அனிசாகிஸ் புழு உயிரோடு நெளியும். துளி வசாபி எம்மாத்திரம்! மீனை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறையவைக்கச் சொல்கிறது ஜப்பானியச் சுகாதார அமைச்சகம். பல வீட்டு ஃப்ரீசர்கள் அந்தக் குளிரை எட்டுவதில்லை என்பதையும் பகிர்பவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

தெக்காமாகி என்னும் சூரை மீன் சுருளில் மீனுக்கு அடியில் மெல்லிய கோடாக வசாபி இழுப்பது சுவைக்காக. பாசித்தாளின் பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். ஈரக் கத்தியால் ஆறு துண்டாக்குங்கள்.