செமினாருக்கு முதலில் தயாராக வேண்டியது வாய்

செமினார் தேதி தெரிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடுகள்) செய்யத்தான் உட்காருகிறார்கள். எழுத்துரு, நிறம், அனிமேஷன் என்று முதல்நாள் நள்ளிரவு வரை ஓடுகிறது. வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்ப்பதில்லை. மறுநாள் திரையைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கே இப்படி ஆவதுதான் வருத்தம்.

10 நிமிடம் கொடுத்தால் 8 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். ஸ்லைடு மாற்றவும் மூச்சு வாங்கவும் மீதி போய்விடும். அந்த 8 நிமிடத்தில் மூன்று கருத்துக்கு மேல் நிற்காது. ஐந்தைத் திணித்தால் கடைசியில் வரும் முடிவுகளைத்தான் அவசரமாக ஓட்ட வேண்டிவரும். கேட்பவர்கள் காத்திருந்ததே அதற்குத்தான்.

ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதினால் எல்லோரும் அதை வாசிப்பார்கள், நீங்கள் பேசுவது காதில் ஏறாது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி, எழுத்தின் அளவு 24 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறையாமல் இருக்கட்டும். மறதிக்குப் பயமாக இருந்தால் கையில் சின்ன அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் குறிப்புச் சொற்கள் மட்டும். முழு வாக்கியம் இருந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் சொதப்புவது வரைபடத்தில். "இதில் பார்த்தாலே வளர்ச்சி தெரியும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது புதிய படம், எதுவும் தெரியாது. "கீழே நாட்கள், பக்கவாட்டில் செடியின் உயரம். சிவப்புக் கோடு உரம் போட்ட செடி. பத்தாம் நாளுக்குப் பிறகு அது மேலே ஏறுவதைப் பாருங்கள்." இவ்வளவு சொல்ல கால் நிமிடம்கூட ஆகாது.

ஒத்திகை என்றால் எழுந்து நின்று, டைமர் வைத்து, சத்தமாக, குறைந்தது மூன்று தடவை. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை நான் ஒத்திகையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன், அங்கே நாக்கு குழறாது. முதல் தடவை நேரம் தாண்டும், வெட்டுங்கள். இரண்டாம் தடவை எங்கே திக்குகிறீர்கள் என்று தெரியும். பெரும்பாலும் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடமாகத்தான் இருக்கும். அந்த இணைப்பு வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்துப் பழகுங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருந்தால் போதும். படபடப்பு அதிகமாக இருக்கும் முதல் நிமிடத்தை அதுவே கடத்திவிடும்.

யாராவது கேள்வி கேட்டால் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி இன்னும் கடுமையாக வரும். பழைய ஸ்லைடைக் காட்ட வேண்டுமா? பவர்பாயிண்டில் அதன் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும்.

பென் டிரைவில் பிடிஎஃப் பிரதி ஒன்றும் இருக்கட்டும். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம், பிடிஎஃப்பில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் வராது. அரைமணி நேரம் முன்பே போய்ப் போட்டுப் பாருங்கள்.