கரி அடுப்பு கேட்பவர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், "அண்ணா, ரூமுக்கு ஒரு கரி அடுப்பு கிடைக்குமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டி காந்தல் பக்கம் மாடியில் ரெண்டு அறை வாடகைக்கு விடுகிறேன். அடுப்பு கிடையாது என்றால் முகம் சுருங்கிவிடும். போன வாரம் வந்த குடும்பம் 'குளிருக்கு ஒரு ஏற்பாடும் இல்லை' என்று எழுதி மூன்று ஸ்டார் போட்டிருக்கிறது. நாலு கம்பளியும் சுடுதண்ணிப் பையும் கணக்கில் வராது போல.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒன்று சொன்னார்: "புகை வந்தால்தானே தம்பி ஆபத்து? நல்லா கனிஞ்ச கங்குல புகையே இருக்காதே." எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார்.

புகை அடங்கிச் சிவந்து கிடக்கிற கரிதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் கக்குகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு பாட்டுக்கு ஏறி இறங்கும், ஆக்சிஜன் மட்டும் உடம்புக்குப் போய்ச் சேராது. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய இந்த வாயு இன்னும் கூடும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உறைபனி விழுந்த ராத்திரி. தகர டின்னில் கரியைப் போட்டு வாசலில் வைத்து விசிறி, புகை அடங்கின பிறகு அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். கதவுக்கடியில் சாக்கு, ஜன்னல் சந்தில் பேப்பர். மூலையில் ஒரு சொம்புத் தண்ணீர், 'கேஸை அது இழுத்துக்கும்' என்று. (அந்த வாயு தண்ணீரில் கரைவதே அபூர்வம்.) விடியற்காலை தலை வெடிக்கிற மாதிரி வலி. எழுந்தால் கால் துவண்டது. வாசல்வரை தவழ்ந்துபோய் வாந்தி எடுத்தேன். தங்கையைக் கூப்பிட்டால் கண்ணே திறக்கவில்லை. அப்பா அவளை வெளியே தூக்கி வந்து, வெகுநேரம் கழித்துத்தான் அழ ஆரம்பித்தாள். பாட்டி தீர்ப்பு சொன்னார்: "பனி தலையில எறங்கிடுச்சு." அடுத்த ராத்திரி இன்னும் ரெண்டு கை கரி கூடுதலாகப் போட்டார்கள்.

எங்கள் ஊரில் எல்லாப் பழியும் பனிக்குத்தான். சளியும் அப்படியே. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் சளியை ஆராய்வதற்கென்றே 1946-இல் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். ஆட்களை ஈரக் காலுறையோடு குளிரில் நிற்கவைத்தெல்லாம் பார்த்தார்கள். குளிர் மட்டும் சளியைக் கொண்டுவரவில்லை, வைரஸ் வேண்டியிருந்தது. அண்டார்டிகா முகாம்களில் மாதக்கணக்கில் அடைந்து கிடப்பவர்களுக்கும் பெரும்பாலும் வெளியாள் வந்து இறங்கினால்தான் சளி. சரி, குளிருக்குப் பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. மூக்கு குளிர்ந்தால் சளி தரும் ரைனோவைரஸ் சற்று நன்றாகவே பெருகும். ஆனால் ஒருவருக்குச் சளி இருக்கும்போது ஆறு பேர் ஒரே அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோமே, வைரஸுக்கு அதைவிட என்ன வசதி வேண்டும்?

பிராந்தி கேட்பவர்கள் தனி ரகம். குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி வரும், கதகதப்பாகத் தெரியும், உள்சூடு வெளியே போய்விடும். குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுப்பதை இங்கேயே பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு எரியும். நீலகிரித் தைலம் நம் ஊர்ச் சரக்கு, நானும் தேய்த்துக்கொள்வேன். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வைரஸை அது தொடாது. சிறு பிள்ளை சில மில்லி விழுங்கினால் வலிப்பே வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கறேன்" என்று பேரம் பேசுகிறவர்களுக்கும் அடுப்பு கிடையாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று தூங்குகிறவர் எப்படி அளப்பார்? மொட்டைமாடியில் பார்பிக்யூ போட்டுவிட்டு, குளிர் தாங்காமல் மிச்சக் கங்கை அறைக்குள் தூக்கிவருபவர்களும் உண்டு. ஒரு தடவை நடுராத்திரி கதவைத் தட்டி வாங்கிவந்திருக்கிறேன். அதற்கும் மூன்று ஸ்டார்தான்.

அம்மாவுக்கு இப்போது 74. அவர் அறையில் கரி அடுப்பை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நேற்றும் அவர் ஜன்னலை ரெண்டு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் பார்த்தால் அந்தச் சந்து முழுக்கப் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்திருக்கிறார்.