பேரீச்சங்கொட்டைத் தூளும் சர்க்கரை மாத்திரையும்

பேரீச்சங்கொட்டைத் தூளில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம், அதைக் குடித்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று ஒரு பதிவு சொல்கிறது. முதல் பாதி சரிதான். சதையைவிடக் கொட்டையில் ஆன்டிஆக்ஸிடன்டாகச் செயல்படும் பீனால் சேர்மங்கள் அதிகம். ஆனால் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று சொல்லும் எண்கள் பெரும்பாலும் டிபிபிஎச் போன்ற ஆய்வகச் சோதனைகளில் கிடைப்பவை. கொட்டைச் சாற்றை ஊதா நிறக் கரைசலில் விட்டு, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பார்கள். செரிமானமோ ரத்தச் சர்க்கரையோ அதில் வருவதே இல்லை. இத்தகைய அளவீடுகளை உடல்நலத்தோடு பொருத்த முடியாது என்றுதான் அமெரிக்க வேளாண்துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் தன் ஓராக் பட்டியலை 2012-இல் நீக்கியது.

அந்தப் பதிவில் பகிர்ந்த ஆய்வின் தலைப்பை, மருத்துவ ஆய்வுகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடுங்கள். சோதித்தது மனிதர்களையா, வெறும் சாற்றையா என்பது சுருக்கத்திலேயே இருக்கும். மும்பையில் மாட்டுங்கா, தாராவியில் நம் பெரியவர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.