ஆட்டுக்குக் காசு இருக்கு, ஆற்றுக்கு இல்லை

வன்னியில் ஒரு மாதர் சங்கம் ஆடு வளர்க்கக் காசு கேட்டால் கிடைக்கும். கோழிக்கூடு, தையல் மெஷின், வீட்டுத்தோட்டத்துக்கு விதை என்று கேட்டாலும் யாராவது ஒரு நிறுவனம் தரும். அதே சங்கம், "எங்கட ஆத்தில இரவிரவா மணல் ஏத்துறாங்கள். பெர்மிட்டில எத்தனை கியூப், அள்ளுறது எத்தனை கியூப் எண்டு கேட்கப் போறம். அதுக்கு ஓடித்திரிய ஒரு ஆளை வைக்கக் காசு வேணும்" என்று கேட்டால், அனேகமாக வெறுங்கையோடுதான் திரும்பி வர வேணும். கன நாளாக மனதைப் போட்டு அரிக்கிற விஷயம் இது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

கனகராயன் ஆற்றங்கரையில் மணல் அள்ளின இடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத மரங்கள் நிற்கின்றன, வேர் வெளியில் தொங்குகிறது, கீழே மண் இல்லை. ஆற்றின் அடி பதிந்தால் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரும் கூடவே இறங்கும். மாரி வெள்ளத்துக்குக் கரை இடிந்து வயல் போகும். அந்தப் பக்கத்தில் ஒரு அக்கா ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறா. முன்பக்கத்தில் சீட்டுக்காசுக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து டிப்பர்களின் இலக்கம், போன நேரம், எந்த ஒழுங்கையால் திரும்பியது என்ற விபரம். டோர்ச் வெளிச்சம் வெளியில் தெரியாமல் துணியால் மூடிப் பிடித்து எழுதினது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும். விடிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிற மனிசி அவ.

மணலுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கச் சட்டமே இருக்கிறது: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் இருக்கிற ஆணைக்குழு. வாசிக்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அக்காவுக்கு ஒவ்வொரு படியும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, போட்டோகொப்பி, பதிவுத்தபால். அலுவலர் இல்லை, நாளைக்கு வாங்கோ என்று சொன்னால் அது இன்னொரு நாள் கூலி. மாதக்கணக்காக இழுபடுகிற இந்த வேலையை எந்த விண்ணப்பப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குள் போடுவது?

படிவங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பயனாளிகள் எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எத்தனை செயலமர்வு, வருமானம் எத்தனை வீதம் கூடும். காலம் பன்னிரண்டு மாதம். நிர்வாகச் செலவு இத்தனை வீதத்துக்கு மேல் போகக்கூடாது. நிர்வாகச் செலவு என்று அவர்கள் எழுதுவதற்குள்தான் நான் மேலே சொன்ன எல்லாம் அடங்குகிறது: ஓடித்திரிகிற ஆளின் சம்பளம், பஸ் காசு, சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசு. மண்டப வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்கும் வரி ஒதுக்கியிருக்கும். உண்மையான வேலை செய்கிற ஆளுக்குத்தான் இடம் இருக்காது.

இந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேணும். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த கையோடு வடக்குக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்கள். எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன செய்யலாம் என்று அதுதான் அனுமதி கொடுத்தது. வீடு, கிணறு, மலசலகூடம் என்றால் கிடைக்கும். உளவளத்துணை, பெண்கள் உரிமை, காணி உரிமை என்றால் கதவு லேசில் திறக்காது. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து தறப்பாளோடு வந்து இறங்கிய சனத்துக்கு வீடும் கிணறும் உயிர்த்தேவை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த அச்சிலேயே நிறுவனங்கள் வார்க்கப்பட்டுவிட்டன. செயலணி போய்விட்டது, அந்தப் பயம் போகவில்லை. இன்றைக்கும் ஒரு சங்கம் காணியைப் பற்றிக் கூட்டம் வைத்தால், யார் வந்தது, யார் காசு தந்தது என்று விசாரிக்க ஆள் வரும். ஆடு கொடுக்கிற கூட்டத்துக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை.

நியாயத்துக்கு நிற்காமல் வாழ்வாதாரத்தை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கடற்கரையில் கண்ணால் பார்க்கலாம். கடற்றொழிலாளருக்கு வலை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், ரிப்போர்ட் போகும். பிறகு ஒரு இரவு இழுவைப்படகு வந்து அந்த வலையை அறுத்துக்கொண்டு போகும். இழுவைமடித் தொழிலை 2017 இல் சட்டம் போட்டே தடை செய்தாயிற்று. அந்தச் சட்டம் எங்கள் கடலில் நடைமுறைக்கு வர வேணும் என்று கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் திரிகிற சங்கத் தலைவருக்கு டீசல் காசு கொடுக்க ஆளில்லை, அறுந்த வலைக்குப் பதில் புது வலை கொடுக்க மட்டும் ஆள் இருக்கிறது.

நுண்கடன் கதையும் அதேதான். வாழ்வாதாரத்துக்குக் கிடைத்த ஆட்டை விற்றுக் கடனின் கிழமைத் தவணை கட்டின வீடுகள் எத்தனை! வட்டி ஏன் இவ்வளவு என்று பெண்கள் சேர்ந்து வீதிக்கு வந்த பிறகுதான் 2018 இல் அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு ஒரு நிவாரணத்தை அறிவித்தது. அதில் எத்தனையோ பேர் விடுபட்டுப்போனார்கள், அது வேறு கதை. அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்த செலவு, ஆடு வாங்கின செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கடற்படை நிலைகொண்டிருந்த இரணைதீவை நினைத்துப் பாருங்கள். 1992 இல் இடம்பெயர்ந்த சனம். 2017 மே மாதம் கரையில் போராட்டம் தொடங்கி, ஒரு வருடம் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி தாங்களே வள்ளம் ஏறி, வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு தீவில் போய் இறங்கினார்கள். எந்தப் புரொஜெக்டின் கால அட்டவணையில் இதை முன்கூட்டியே எழுதியிருக்க முடியும்? முல்லைத்தீவில் பிலக்குடியிருப்புச் சனம் 2017 இல் வீதியோரம் ஒரு மாதம் இருந்து, படையினர் பிடித்து வைத்திருந்த காணியை மீட்டது. கேப்பாப்புலவில் மற்றவர்களுக்கு அந்த ஒரு மாதம் வருடக்கணக்காக நீண்டது. இரண்டு இடத்திலும் ஒரே மண், ஒரே உறுதி. இப்படியான வேலைக்குக் காசு கொடுப்பவர் நாளைக் குறித்துக் கொடுக்க ஏலாது.

வெளியுலகத்திலும் இதை விளங்கியவர்கள் இருக்கிறார்கள். 2016 இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளர்கள் சேர்ந்து, 2020 க்குள் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்ளூர் அமைப்புகளிடம் முடிந்தளவு நேரடியாகவே கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்குக் கிட்டவும் வரவில்லை. அதே வருடம் ஃபோர்ட் அறக்கட்டளை ஐந்து வருடக் காசை, பெரும்பாலும் இதற்குத்தான் என்று பூட்டுப் போடாமல், நீதிக்காக வேலை செய்கிற அமைப்புகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஆக, கொடுக்கிற வழி தெரியாமல் இல்லை.

2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தது. அமெரிக்க வெளிநாட்டு உதவி நின்றது, ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்துவந்த யுஎஸ்எயிட் நிறுவனம் மூடியே போனது. எனக்குத் தெரிந்த இளம் பிள்ளைகள் பலர், நல்லாக வேலை பழகினவர்கள், ஒரே கிழமையில் வீட்டில் இருந்தார்கள். ஒரு நாட்டுத் தேர்தல் முடிவில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் மூச்சு நிற்கக்கூடாது. அதனால்தான் நான் புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளைப் பார்த்துக் கேட்கிறேன்.

நீங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பள்ளிக்கூடக் கட்டடம், கோயில் திருப்பணி, மாவீரர் குடும்பத்துக்கு மாதக் காசு, வெள்ளத்துக்கு உலருணவு. அந்தக் காசில் படித்து வந்த பிள்ளைகள் இந்தப் பதிவையும் வாசிப்பார்கள். அதோடு இதையும் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊருக்குக் காசு அனுப்பினால் என்ன பெயர் வைப்பார்களோ என்ற பயம் உங்களில் பலருக்கு உண்டு, அது நியாயமான பயம். பதிவுள்ள சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு, என்ன வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள். தகவல் கேட்பதும், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பதும், வழக்குப் போடுவதும் சட்டத்துக்கு உட்பட்ட வேலைகள்.

கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் காசு வந்த வேகத்தில் தின்று தீர்த்தவர்களையும் இந்த மண் கண்டது. ஆனால் பில்லை ஒட்டி அனுப்பினால் மட்டும் கணக்குச் சரி என்று ஆகாது. வருடத்தில் ஒரு தடவை பொதுநோக்கு மண்டபத்தில் கணக்கை ஊருக்கு முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் இருக்கிற ஆச்சி எழும்பி, "அந்தப் பஸ் காசு கூடவெல்லோ?" என்று கேட்பா. அதை விடக் கடுமையான ஓடிட் எந்தக் கொம்பனியும் செய்யாது.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்: ஒரு சங்கம், ஒரு ஆளின் சம்பளம், போக்குவரத்து, சட்டத்தரணிக் காசு, குறைந்தது மூன்று வருடம். முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்தக்கூடாது. எந்தச் சங்கத்துக்குக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் இன்பொக்ஸில் வாங்கோ. மணல், கடல், காணி, கடன் என்று எதில் உங்களுக்கு அக்கறை என்று சொன்னால், அந்தந்தச் சங்கத்திடம் முதலில் கேட்டுவிட்டுத் தொடர்பு எடுத்துத் தருகிறேன்.