வீட்டுக் கொலஸ்ட்ரால் மீட்டரை நம்பி மாத்திரையில் கை வைக்காதீர்கள்

சுகர் மீட்டர் பழகியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மீட்டரும் அப்படித்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. சுகருக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும். கொலஸ்ட்ராலோடு மற்ற ரத்தக் கொழுப்புகளையும் சேர்த்து அளக்கும் லிப்பிட் ஸ்ட்ரிப்புக்கு (ரத்தம் விடும் பட்டைக்கு) 35, 40 மைக்ரோலிட்டர் கேட்கும் மீட்டர்கள் இருக்கின்றன. அவ்வளவு ரத்தம் வராதபோது விரலைப் போட்டுப் பிதுக்குகிறோம். தப்பு ஆரம்பிப்பதே அங்கேதான். பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வரும், கொலஸ்ட்ரால் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மாத்திரையை விடுவதுதான் ஆபத்து.

கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு, நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த துளி தானாகத் திரளட்டும். உறிஞ்சுகுழாயைப் படுக்கைவாக்கில் பிடித்தால் ரத்தம் தானே ஏறும். நடுவில் காற்றுக்குமிழ் வந்தால் அளவு போதாது, அந்த ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் விடாதீர்கள். கையில் கிரீம் தடவியிருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை உடைத்து, வரும் கிளிசராலை வைத்துத்தான் அதை அளக்கிறார்கள். கிரீமில் இருக்கும் கிளிசரினும் (கிளிசராலின் இன்னொரு பெயர்) அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

ஸ்ட்ரிப்பையும் கவனியுங்கள். பல டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ மதுரையிலோ மேஜைமேல் கிடக்கும் டப்பா அந்த அளவைத் தாண்டிவிடும். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். ஈரம் பட்டாலும் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் எண் குறைவாக வரலாம்.

இனி எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால். பல வீட்டு மீட்டர்கள் அதை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 40, ட்ரைகிளிசரைடு 180 என்றால், 180-ஐ ஐந்தால் வகுத்து வரும் 36-ஐயும் எச்டிஎல் 40-ஐயும் 210-இல் கழித்து 134 என்று காட்டும். இது 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம். மூன்று அளவிலும் உள்ள பிழை இந்த ஒரே எண்ணில் வந்து சேர்கிறது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது. நம் ஊரில் ட்ரைகிளிசரைடு கூடி, எச்டிஎல் குறைந்து இருப்பவர்கள் நிறைய. அவர்கள் பார்க்க வேண்டியது மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து வரும் எண்ணை. மேலே சொன்ன கணக்கில் 170. அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 9 சதவீதப் பிழை வரை ஏற்கலாம் என்பது அமெரிக்காவின் தேசிய கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் வகுத்த அளவுகோல். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்கு 182-உம் காட்டலாம், 218-உம் காட்டலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையின் டோஸை இரண்டு மடங்கு ஆக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவதோ சுமார் 6 சதவீதம்தான். இவ்வளவு ஆட்டம் உள்ள எண்ணை வைத்து டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படிச் சரியாகும்?

அதற்காக மீட்டரே வீண் என்று சொல்லவில்லை. லேபுக்குப் போக முடியாத பெரியவர்களுக்கும், பரிசோதனையே செய்துகொள்ளாமல் இருப்பவர்களுக்கும் 260 என்று ஒரு எண் தெரிந்தால், அதுவே லேபுக்கு இழுத்துப் போகும். வாங்கியவர்கள் லேபில் ரத்தம் கொடுக்கும் அன்றே வீட்டிலும் ஒருமுறை பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்ட்ரிப்பையும் குத்தும் முறையையும் சரிபாருங்கள். மாத்திரை ஆரம்பித்தபின் 4 முதல் 12 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய பரிசோதனையை மட்டும் லேபிலேயே எடுங்கள். அதில் எண் இறங்கியிருந்தால் அது மாத்திரை சாப்பிடுவதால்தான்; நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 50 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பம் என்றால், லிப்போபுரோட்டீன் ஏ (பரம்பரையாகக் கூடுதலாக வரும் ஒரு கொழுப்புத் துகள்) பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது லேபில் செய்துவிடுங்கள். லிப்பிட் ஸ்ட்ரிப்பில் அது தெரியாது.