எங்கள் தெருவுக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள்

மதுரை மழைக்கு முன்பே எங்களை ஏன் சரியாக எச்சரிக்கவில்லை என்று கேட்டால், ‘அதான் ஆரஞ்சு அலர்ட் கொடுத்தோமே’ என்று ஓர் அதிகாரி பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் காலையிலிருந்து நாலு தடவை பார்த்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

கொடுத்தீர்கள் சார், இல்லை என்று சொல்லவில்லை. மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை, இதுதான் அந்த அலர்ட். ஒரு நாளில் 6.45 சென்டிமீட்டரிலிருந்து 20.44 வரை எது பெய்தாலும் அதில் அடங்கிவிடும். உசிலம்பட்டியும் மாவட்டம்தான், மேலூரும் மாவட்டம்தான். மதுரை நகருக்குள் செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் ஓரம் குடியிருப்பவர் இதை வைத்து என்ன செய்வார்?

2024 அக்டோபர் 25-ஐ மறந்துவிட்டோமா? அன்று பெய்தது 9.8 சென்டிமீட்டர். கணக்குப்படி வெறும் ‘கனமழை’. ஆனால் அதில் 4.5 சென்டிமீட்டர் மதியம் 3 மணிக்கு மேல் 15 நிமிடத்தில் கொட்டியது. என் அம்மா அங்கே தரைத்தளத்தில்தான் இருந்தார். ‘மழைதானே, பெய்யட்டும், போர்ல தண்ணி ஏறும்’ என்று சந்தோஷப்பட்டவர், கொஞ்ச நேரத்தில் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அப்பாவின் போட்டோ, என் சான்றிதழ்கள், எல்லாம் தண்ணீரில். ‘வாய்க்கால் பொங்கும், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரும், மாடிக்குப் போங்கள்’ என்று ஒரு வரி வந்திருந்தால் போயிருப்பார்.

‘மேகத்துக்குத் தெருப் பெயர் தெரியுமா’ என்று கேட்கப் போகிறீர்கள். சரி, தெரியாது. மழை எந்தத் தெருவில் கொட்டும் என்று நான் கேட்கவே இல்லை. கொட்டினால் எங்கே தேங்கும் என்பது தெரிந்ததுதானே? எந்தப் பாலத்தடியில் குப்பை அடைத்திருக்கிறது என்று மாநகராட்சிக்குத் தெரியும். எந்தக் கண்மாய் நிரம்பி நிற்கிறது என்று நீர்வளத் துறைக்குத் தெரியும். எந்த டிரான்ஸ்பார்மர் முங்கும் என்று லைன்மேனுக்குத் தெரியும். மழையைக் கணிப்பவரோடு இவர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிறுத்தாமல், அது என்ன செய்யும் என்று சொல்லுங்கள் என 2015-லேயே உலக வானிலை அமைப்பு வழிகாட்டி போட்டது.

இங்கே நடக்காத காரியமும் இல்லை. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆற்றில் இறங்காதே என்று கரையோர மக்களுக்குச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது. ஆற்றுக்குச் சொல்ல முடிந்ததை வாய்க்காலுக்கு ஏன் சொல்ல முடியாது?

‘வாய்க்கால் ஓரம் ஏன் குடியிருக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாடகை கட்டுப்படியாகும் இடத்தில்தான் இருக்க முடியும் ஐயா. அதற்காக எங்களுக்கு எச்சரிக்கை வேண்டாமா? இதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே அப்பாவின் போட்டோவை அம்மா கழற்றி மாடி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார்.