ஸ்பெக் பந்தயத்தில் காரின் விலையோடு செலவு முடிவதில்லை

கார் பந்தயத்தின் ஸ்பெக் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், அதை வாங்கிய பிறகு பணத்தைக் கொண்டு வேகத்தைக் கூட்ட வழியில்லை என்று ஒரு கருத்து பகிரப்பட்டு வருகிறது. இது முழுமையாகச் சரியல்ல.

விதிகள் எந்தப் பாகத்தைப் பொருத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, அதை எத்தனை முறை மாற்றலாம் என்பதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. டயர்தான் இதில் முக்கியமானது: பலமுறை சூடாகிக் குளிர்ந்த டயரில் ரப்பர் மிச்சமிருந்தாலும் பிடிமானம் குறைந்துவிடுவதால், புது டயர் மாட்டியவர் தகுதிச் சுற்றிலேயே முந்திக்கொள்கிறார். எஞ்சினும் அப்படியே. அமெரிக்காவின் ஸ்பெக் ரேசர் ஃபோர்டு வகுப்பில் எஞ்சின் யாரும் பிரித்து மாற்றாதபடி முத்திரையிடப்பட்டே வருகிறது; மாஸ்டா மியாட்டா கார்கள் ஓடும் ஸ்பெக் மியாட்டா வகுப்பில் அந்த ஏற்பாடு இல்லாததால், விதிக்குள் நின்றே தேர்ந்த கைகளிடம் எஞ்சினைக் கட்டித் தரச் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் காரை அதிகம் மாற்றியமைக்க அனுமதிக்கும் திறந்த வகுப்புகளோடு ஒப்பிட்டால் செலவு கட்டுக்குள் இருக்கிறது என்பதும், ஓட்டுநரின் திறமைக்கு இங்கே மதிப்பு அதிகம் என்பதும் உண்மைதான். இதன் கவர்ச்சியே அதுதானே!

சரிபார்க்க விரும்புவோர், இவ்விரு வகுப்புகளையும் நடத்தும் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான எஸ்.சி.சி.ஏ. தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடும் விதிநூலில் அவற்றின் எஞ்சின் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். விற்பனைக்கு வரும் பழைய ஸ்பெக் கார்களின் விளம்பரங்களில் எஞ்சினைக் கட்டியவரின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.